கவ்வாத்துக் கத்தி

மாத்தளை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஒல்லியானவர். சொல்லில் சிக்கல் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

கங்காணியைக் கத்தி காட்டி மிரட்டியதாக என் தம்பி கூண்டில் நின்றான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன் அவன். "நைஃப் இருந்ததா?" என்று நீதவான் இங்கிலீஷில் கேட்டார். வெறுமனே கத்தி என்று கேட்டால் தம்பி தலையாட்டுவான், கதை முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார். வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் பொறுமையிழந்து எழுந்தே விட்டார்.

"ஏம்பா, ஒங்கையில இருந்தது மடக்குற வில்லுக்கத்தியா, கவ்வாத்துக் கத்தியா?" என்று தம்பியைக் கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

"கவ்வாத்துக் கத்திங்கய்யா. வேல செஞ்சிக்கிட்டு இருந்தேனுங்க."

அதை அவர் நிதானமாக இங்கிலீஷில் சொன்னார். அது வேலைக்கான கருவிதான் என்று நீதவான் ஏற்க, தம்பி விடுதலையானான்.

வாசலில் அவரைக் கும்பிட்டேன்.

"இனிமே அத யாரு கழுத்திலயும் வைக்க வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க" என்றார்.

தெரிந்திருந்தும் எதற்காக அந்தச் சொல்லைத் தேடிக் கொடுத்தார்?