பேச்சு போன நாள்

பிராக் நகரில் எங்கள் மனநல ஆய்வு நிலையத்தில் புதிதாக ஒரு விதி போட்டார்கள். எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்ற மருந்து கொடுக்கப்பட்ட நோயாளியின் பக்கத்தில் உட்காருகிறவர், டாக்டரோ நர்ஸோ, ஒருமுறையாவது அதைத் தானும் சாப்பிட்டிருக்க வேண்டும். 1966 மார்ச்சில் அந்த முறை போஹுமிலா சிஸ்டருக்கு வந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சிரித்தும் அழுதும் கிடந்த முப்பது பேருக்குக் காவலிருந்தவர். "ஒண்ணுமில்ல, எதிர்த்துப் போராடாதீங்க, தானா போயிடும்" என்று எல்லோரிடமும் சொல்வார். வீட்டில் கணவர் ஓல்ட்ரிஹ் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகியிருந்தது. பேச்சில்லை. கண்ணிமை மட்டும் அசையும். காலையில் அவருக்கு ஊட்டிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, டிராம் பிடித்து வருவார் சிஸ்டர்.

கேள்வித்தாளோடு உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை. உளவியல் படித்து முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

"தம்பி ஹ்யூபர்ட், நான் ஏதாவது உளறினா எழுதிக்காதே."

"உளறல்தான் சிஸ்டர் எங்களுக்கு வேணும்."

"அப்ப உங்க டாக்டர் ஜெலென்காவைப் பத்தி நான் நெனைக்கிறதெல்லாம் வெளிய வந்துடும். பரவாயில்லையா?"

ஒன்பது மணிக்கு மருந்தைக் குடித்தார். முதலில் நன்றாகத்தான் போயிற்று. போர்வையின் கட்டங்கள் மாடிப்படி போல ஏறுகின்றன என்று குழந்தை மாதிரி சிரித்தார். பதினொரு மணிக்குப் பேச்சு நின்றது.

"நூத்துலேருந்து ஏழு போனா எவ்வளவு சிஸ்டர்?"

வாய் திறந்தது. மூச்சு மட்டும் வந்தது.

"பயமா இருக்கா? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு எண் சொல்லுங்க."

அவர் பார்வை டேப் ரிக்கார்டர் பக்கம் போயிற்று. ஆர்கன் இசை ஓடிக்கொண்டிருந்தது. ரசிக்கிறார் என்று எண்ணிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டு, "எதிர்த்துப் போராடாதீங்க, தானா போயிடும்" என்று அவருடைய வாக்கியத்தையே அவரிடம் சொன்னேன். ஆய்வை நடத்திய டாக்டர் ஜெலென்கா எட்டிப் பார்த்து, "நல்லா போகுது" என்றார்.

இரண்டு மணிக்குப் பேச்சு திரும்பியது. நடந்ததை நாலு மணிக்குத்தான் சொன்னார்.

"தண்ணி வேணும்னு ஒரு நெனைப்பு வந்துது தம்பி. அது வாய் வரைக்கும் வர்றதுக்குள்ள வழி நீண்டுக்கிட்டே போச்சு. பாதியில, என்ன கேக்க வந்தேன்னே மறந்துடும். அப்பத்தான் உன் கை வந்துது. அது உன் கை இல்ல, என் கை. கரண்டியோட வருது. வீட்டுல என் புருஷன் ஓல்டா படுத்திருக்கிற எடத்துல நான் படுத்திருக்கேன். நானே வந்து, 'வாயைத் தொற, டிராம் போயிடும்'னு என்னையே திட்டறேன்."

"இசையாவது நல்லா இருந்துதா?"

"நிறுத்து, நிறுத்துன்னு கெஞ்சினேன். நீ கூட்டி வெச்சே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மருந்து சாப்பிட்டவரைத் தனியாக அனுப்பக்கூடாது என்பதால் கூடவே போனேன். ஓல்ட்ரிஹின் தலைமாட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. தனிமை தெரியக்கூடாதென்று இரண்டு வருடமாகக் காலை முதல் இரவு வரை அதை ஓடவிட்டிருந்தார் சிஸ்டர். கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் அதை அணைத்தார்.

"ஓல்டா, இது உனக்குத் தொந்தரவா? ஆமான்னா கண்ணை மூடு."

அவர் கண்ணை மூடினார்.

"இல்ல, உனக்குப் பிடிச்சிருக்கா? பிடிச்சிருந்தா மூடு."

மறுபடியும் மூடினார்.

மாற்றி மாற்றிக் கேட்டார். சில சமயம் இமை மூடியது, சில சமயம் மூடவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சவன்தானே. சொல்லேன், அவரு என்ன சொல்றாரு?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

மறுவாரம் அவர் டாக்டர் ஜெலென்காவிடம் போய் நின்றார். "இன்னொரு தடவை குடுங்க. அங்க போய்ப் பாத்தா, அவருகிட்ட எப்படிக் கேக்கணும்னு புரிஞ்சுடும்." நர்ஸுக்கு ஒரு முறைதான் என்று டாக்டர் மறுத்துவிட்டார். நான் அறிக்கை எழுதினேன்: 'எண் முப்பத்தொன்று. மூன்று மணி நேரம் பேச்சுத் தடை. மாலையில் இயல்பு நிலை.'

அதற்குப் பிறகு சிஸ்டர் வீட்டில் ஒரு நாள் ரேடியோ ஓடும், மறுநாள் ஓடாது.

"பாதி நாளாவது அவருக்குச் சரியா இருக்கும்ல?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த அக்டோபரில் ஓல்ட்ரிஹ் இறந்துபோனார். அதுவரை அப்படித்தான் நடந்தது.