மூன்று ஜார்ஜ்டவுன்

மும்பை மாட்டுங்காவில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். இந்தத் தொழிலில் வந்தவர் சொல்லும் ஊர் ஒன்று, நம் காதில் விழும் ஊர் வேறொன்று. என்னைப் போலக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு இது புரியும்.

எனக்குத் தெரியாத ஊரா?

தாராவியில் பை தைக்கும் செல்லம்மா வந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், ஊர் ஜார்ஜ்டவுன் என்றார். வெள்ளைக்காரன் ஆண்ட நாடாம். நம் ஜனங்களைக் கரும்பு வெட்டக் கப்பலேற்றிய இடமாம். சென்னையில் ஒரு ஜார்ஜ்டவுன் உண்டு. அது இல்லையென்றால் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுன்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மலேசியாவுக்கு எத்தனையோ பேரை அனுப்பியவன், எந்த நாடு என்று கேட்டால் கௌரவம் என்னாவது?

மலேசியாவில் நமக்கு முன்னாலேயே விடிந்துவிடும். பினாங்கு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்: "எம்மவ காலையில எந்திச்சு போன் போடுவா அண்ணாச்சி. அப்ப இங்க பொழுது அடஞ்சிரும்."

கிழக்கும் மேற்கும்

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது டிக்கெட்டின் போட்டோவைப் பார்த்த மகள் பதறிப்போய்ப் பேசியிருக்கிறாள். அவள் இருப்பது கயானாவில். தென் அமெரிக்காவின் வடக்கு ஓரம். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் கயானா. அங்கேயும் தலைநகருக்கு ஜார்ஜ்டவுன் என்றுதான் பெயர்.

கடைக்கு ஓடிவந்தவருக்குப் போனில் உலகப் படத்தைத் திறந்து இரண்டு ஊரையும் காட்டினேன். மும்பைக்குக் கிழக்கே ஒன்று, மேற்கே ஏழு கடல் தாண்டி மற்றொன்று. செல்லம்மா வெகுநேரம் பார்த்தார். "அப்ப எம்மவகிட்டப் போறேன்னு அவள விட்டு வெலகிப் போகப் பாத்தேனா அண்ணாச்சி?"

வீராசாமியின் ஊர்

கயானாவுக்கு விசா, வழியில் இறங்கும் நாட்டுக்கு இன்னொரு விசா. நானும் நாயாய் அலைந்தேன். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

போய்த் திரும்பிய செல்லம்மா கடைக்கு வந்தார். ஊர் கடலைவிடத் தாழ்வாம், சுவர் கட்டித் தண்ணீரைத் தடுத்திருக்கிறார்களாம். மகளுடைய பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வீராசாமியாம். மாரியம்மனைக் கும்பிடுகிறாராம், தமிழில் ஒரு வார்த்தை தெரியாதாம். செல்லம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நானே மகளைப் பற்றிக் கேட்டேன்.

"பேத்தி நல்லா இருக்கா. 'வலி எடுத்தப்ப அங்க இருந்த அத்தன பேரையும் அம்மான்னுதான் கூப்பிட்டேன், ஒருத்திக்கும் வெளங்கல'ன்னா எம்மவ."

மூன்று ஊருக்கு ஒரே பெயர் வைத்த வெள்ளைக்காரனைக் குறை சொல்லலாம்தான், "எந்த நாடும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது அவன் இல்லையே.