நோராவின் காதில் பூசிய வேப்பெண்ணெய்

2004ஆம் ஆண்டு சித்திரை மாதம். வவுனியாவுக்கு வடக்கே, சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றின் முகாமில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. என்ன வேலை என்று கேட்டால் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாய்க்கூடு கழுவும் வேலை. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை, ஏ.எல். வரை படித்தவள் நாய்க்கு ஆயாவாகப் போய்விட்டாள் என்று ஊரில் கதைத்தார்கள். "உங்கட வீட்டு நாய் உங்களைக் கடிக்கும், எங்கட நாய் உங்கட காலைக் காப்பாத்தும்" என்று நானும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

முகாமில் ஆறு நாய்கள். எல்லாம் விமானத்தில் வந்தவை. அதுகளுக்கு மூட்டையில் வரும் சாப்பாடு, வாரத்துக்கு ஒரு தரம் நகரத்திலிருந்து மிருக வைத்தியர். எங்கள் மலேரியாக் காய்ச்சலுக்கே வைத்தியர் வந்து பார்த்ததில்லை என்று முதல் வாரம் எரிச்சல்பட்டேன். அதுகள் செய்யும் வேலையைக் கண்ட பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது. நீண்ட கயிற்றில் நாய் நிலத்தை மணந்துகொண்டே முன்னால் போகும். மண்ணுக்குள் வெடிமருந்தின் மணம் வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடும். உட்காராமல் போய்த் திரும்பி வந்தால், அந்த இடத்தில் நாயைக் கொண்டுபோனவர் கால் வைத்து அடுத்த துண்டுக்கு நகர்வார். அவ்வளவுதான் கணக்கு. சிவப்புப் பலகைகளுக்கு அப்பால் கிடந்த அந்த வயல்களில் எங்கள் காணியும் ஒன்று. பத்து வருடமாக அப்பா அதைத் தூர நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு நாய்களில் எனக்கு நோராவைத்தான் பிடிக்கும். மண்ணிறம், நிமிர்ந்த காது. கூட்டைக் கழுவும்போது மற்றவை வாலை ஆட்டிக்கொண்டு மேலே விழும். இவள் தன் தண்ணீர்ப் பாத்திரத்தை வாயால் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைப்பாள். அவளை வயலுக்குக் கொண்டுபோகிறவர் எங்கள் பக்கத்து ஆள்தான், முப்பத்தைந்து வயதிருக்கும். அண்ணை என்று கூப்பிடுவேன். அதிகம் கதைக்க மாட்டார். நான் அவருக்கும் சேர்த்துக் கதைப்பேன்.

அந்தச் சித்திரையில் இடையிடையே மழை பெய்தது. முகாம் வேலிக்கு அப்பால் ஒரு மாட்டுப்பட்டி. சூடடித்த வைக்கோலும் சாணியும் மழையில் ஊறிக் குவியலாகக் கிடந்தன. அதிலிருந்து கிளம்பின ஈக்கள். பார்வைக்கு வீட்டு ஈ மாதிரித்தான் இருக்கும், ஆனால் ஊசி குத்துகிற மாதிரிக் கடிக்கும். வெய்யில் ஏறியதும் வந்து நாய்களின் காது நுனியில் வரிசையாகக் குந்திக்கொள்ளும். நோராவின் இரண்டு காது நுனிகளும் புண்ணாகி, இரத்தம் காய்ந்து கறுத்த பொருக்குப் பிடித்துவிட்டது. நாள் முழுக்கத் தலையை உதறிக்கொண்டே இருப்பாள். உதறுகிற ஒவ்வொரு தடவையும் சுவரில் இரத்தப் புள்ளிகள் தெறிக்கும். அதைக் கழுவுகிறவள் நான்.

பட்டிக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "மாடெண்டால் சாணி போடும்தான் பிள்ளை. உங்கட நாய்க்கு நோகுது எண்டு என்ர மாட்டுக்கு அடைப்பு வைக்கேலுமே?" என்று கேட்டார். நானும் ஏதோ சொல்ல, பேச்சுத் தடித்து, வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

வைத்தியர் தந்த களிம்பை அண்ணை பின்னேரங்களில்தான் பூசுவார். விடியற்காலையில் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிடுவார். பூசுவதை ஏன் துடைக்கிறார் என்று எனக்குள்ளே புறுபுறுத்தேனே தவிர, ஒருநாளும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தக் களிம்பும் முடிந்துவிட்டது. வைத்தியர் வர இன்னும் நாலு நாள். இந்த நேரத்தில் சுப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, இப்படித் தலையை உதறுகிற நாய் வேலையில் கவனம் வைக்காது, வாரக் கடைசிவரை பார்ப்போம், இல்லாவிட்டால் இவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் மாட்டுக்குப் புண் வந்தால் வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுச் சூடாக்கிப் பூசுவோம். ஒரு ஈ கிட்ட வராது. சின்னப் போத்தல் ஒன்றில் அதை எடுத்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு நாய்களுக்கு ஒரு சோதனை நடக்கும். முகாமுக்குள்ளேயே புதைத்து வைத்த வெடிமருந்து மாதிரிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். நோரா அதில் சரியாக உட்கார்ந்து காட்டினாள். பிறகு வாகனம் வரும்வரை கால் மணித்தியாலம் கூட்டில் விட்டிருப்பார்கள். அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் நான் என் வைத்தியத்தைச் செய்தேன். இரண்டு காதிலும் வழிய வழியப் பூசினேன். வந்த ஈக்கள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போயின. நோரா தலையை உதறவில்லை. என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். பெரிய டொக்டர் ஆகிவிட்ட பெருமை எனக்கு.

அண்ணை வந்து அவளை ஏற்றினார். "பின்னேரம் வந்து குளிப்பாட்டுவம் தங்கச்சி, தண்ணி அள்ளி வையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூசியதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பின்னேரம் காதைக் காட்டி அவரை அசத்தலாம் என்று நினைத்திருந்தேன்.

கூடுகளைக் கழுவி முடித்துக் குசினிக்குப் போனேன். சமையல் அக்கா கறிக்குத் தூள் போட்டுக்கொண்டிருந்தா. வெங்காயம் உரிக்கலாம் என்று பக்கத்தில் குந்தினேன். அவா மூக்கைச் சுளித்தா.

"என்னடி கையில? அங்கால போ. எனக்குத் தூள் மணமே தெரியேல்லை, உன்ர மணம்தான் வருது."

சிரித்துக்கொண்டே எழும்பினேன். இரண்டு அடி வைத்திருப்பேன். அப்படியே நின்றுவிட்டேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவிய கை இது. அடுப்படியில் கொதிக்கும் கறியின் மணத்தையே இது மறைக்கிறது என்றால், காது இரண்டிலும் அதைச் சுமந்துகொண்டு போன நோராவுக்கு மண்ணுக்குள் இருப்பது எப்படி மணக்கும்? அண்ணை களிம்பை ஈரத்துணியால் ஏன் துடைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

முகாமிலிருந்து வயல் மூன்று கிலோமீற்றர் இருக்கும். அக்காவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதி வழியில் சைக்கிளை நிறுத்தினேன். போய்ச் சொன்னால் இந்த வேலை போய்விடும், வீட்டில் உழைப்பது நான் ஒருத்திதான். அங்கே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், யாருக்கும் தெரியாமலே போய்விடலாம் என்று மனம் சொன்னது. அப்படி நான் நின்றது ஒரு நிமிடமா இரண்டு நிமிடமா தெரியாது, ஆனால் நின்றேன். பிறகு, பின்னேரம் குளிப்பாட்டுவம், தண்ணி அள்ளி வையும் என்று அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பின்னேரம் வருவேன் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். அழுதுகொண்டே மிதித்தேன்.

வயல் விளிம்பில் ஒரு கொட்டில். அதற்குப் பக்கத்தில் முதலுதவி வாகனம் நிற்கும். அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது, சத்தம் போடவும் கூடாது. தூரத்தில் தலைக்கவசத்தோடு அண்ணை நிற்பது தெரிந்தது. அவருக்கு முன்னால் நோரா மண்ணை மணந்துகொண்டு போகிறாள். ஒரு இடத்திலும் உட்காரவில்லை. சுப்பர்வைசரைப் பிடித்துச் சொன்னேன்.

"உடன நிப்பாட்டச் சொல்லுங்கோ சேர். நோராவின்ர காதில வேப்பெண்ணெயும் கற்பூரமும் கிடக்கு. நான்தான் பூசினனான்."

அவர் என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அதற்குக்கூட நேரம் எடுக்காமல் விசிலை நீளமாக ஊதினார். வயலில் நின்றவர்கள் எல்லோரும் நின்ற நிலையில் நின்றார்கள். பிறகு அண்ணை திரும்பி, தான் போன சப்பாத்துத் தடத்திலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்துத் திரும்பி வந்தார். இருபது நிமிடம் எடுத்திருக்கும். அவர் ஒவ்வொரு தடவையும் காலைத் தூக்கி வைக்கிறபோது எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். நோரா என்னைக் கண்டு வாலை ஆட்டினாள், அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன்.

விசயம் சொன்னதும் அண்ணை குனிந்து நோராவின் காதை மணந்து பார்த்தார்.

"காலமை வாகனத்தில வரேக்க எனக்கும் ஒரு மணம் வந்தது. பட்டிப் பக்கத்து மணமாக்கும் எண்டு விட்டிட்டன். பிழை என்னிலயும் இருக்கு" என்றார்.

சுப்பர்வைசர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன், அவர் சொன்னதில் தப்பில்லை. அண்ணைதான் குறுக்கே கதைத்தார்.

"இவ வந்து சொல்லியிருக்காட்டி நான் இப்பவும் அங்கதான் நிப்பன் சேர். சொன்னதுக்காக இவவை நிப்பாட்டினா, இனி ஒருத்தரும் தங்கட பிழையை வந்து சொல்லமாட்டினம்."

அவ்வளவு நீளமாக அவர் கதைத்து அன்றுதான் கேட்டேன். சுப்பர்வைசர் கொட்டிலுக்குள் போய்விட்டார். அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன், யாரும் திருப்பி அனுப்பவில்லை.

நோரா அன்று காலை மணந்து வந்த நிலத்தை மறுபடியும் கையால், கருவி வைத்துத் தேடினார்கள். இரண்டு நாள் எடுத்தது. இரண்டாம் நாள் பின்னேரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணை வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒண்டு இருந்தது" என்றார்.

எங்கே என்று கேட்டேன். தன் சப்பாத்துத் தடத்துக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி என்று கையால் காட்டினார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. அவர் போய்விடவில்லை. நான் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்று, நான் கழுவிய பாத்திரங்களைத் துடைத்து வைத்தார்.

அதற்குப் பிறகு நோராவின் காதை நானும் அண்ணையும் ஒருவரையொருவர் கேட்டு, கதைத்து, ஒழுங்காகப் பார்த்தோம். கூட்டைச் சுற்றி நுளம்பு வலைத் துணியைத் தைத்துத் தொங்கவிட்டேன். வைத்தியர் வந்து புதுக் களிம்பு தந்தார், அது பின்னேரத்துக்கு மட்டும். பட்டிக்காரரிடம் மறுபடி போனேன். இந்த முறை சண்டைக்குப் போகவில்லை, நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "என்ர ரெண்டு மாடு அந்த வயலுக்க வெடியிலதான் போனது" என்று மட்டும் சொன்னார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, நானும் கூடமாட நிற்க, குவியல் முழுவதையும் அள்ளித் தூரத் தோட்டத்தில் பரப்பிக் காயவிட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் ஈ குறைந்தது. காது ஆறி, நுனியில் மயிர் முளைக்கத் தொடங்கியது. நோராவைத் திருப்பி அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது இது ஒன்றும் இல்லை. அந்த மிதிவெடி கிடைத்ததற்கு மறுநாள் காலை, வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் அண்ணை நோராவை என்னிடம் கொண்டு வந்தார். "மணந்து பாரும் தங்கச்சி" என்றார். எனக்கு விளங்கவில்லை. காதைக் காட்டினார், கழுத்துப் பட்டியைக் காட்டினார், பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் மணந்து பார்த்தேன். "ஒண்டும் இல்லை அண்ணை, போங்கோ" என்றேன். அப்புறம்தான் ஏறினார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். நிலைமை கெட்டு, சண்டை திரும்பத் தொடங்கி, முகாமை மூடி, நாய்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை வேலை நடந்த ஒருநாள்கூட அது தவறவில்லை.

அவர் இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். யாருக்காவது பாசத்தில் ஏதாவது செய்யப் போகிறபோது, செய்யட்டுமா என்று கேட்காமல் என் கை இன்றைக்கும் நீள்வதில்லை. ஒரு மனிதரை ஒரு முழத்தில் சாகக் கொடுக்கப் பார்த்தவள் நான், அந்த மனிதரோ அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் "போங்கோ" என்ற என் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் அந்த வயலுக்குள் கால் வைத்தார்.