ஒரு நொதியும் என் புகுந்த வீடும்

எனக்குப் பைத்தியம் என்று முதலில் சொன்னவள் என் கணவரின் அக்காள். மதினி என்று வாய் நிறையக் கூப்பிட்டவள்தான் நான், இப்போது கூப்பிடுவதில்லை. தென்காசியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறாள். எங்கள் அடுப்பில் பால் பொங்கினால் அவள் வீட்டுக்குத் தகவல் போய்விடும்.

நடந்தது இதுதான். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நடு ரோட்டில் ஒரு பஸ்காரன் ஹார்ன் அடித்தான். அடித்த மாத்திரத்தில் இரண்டு காலும் விறைத்துக்கொண்டன. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சாகணும்னா வேற வண்டியே கெடைக்கலியா?" என்று கத்தினான். அப்புறம் இது வழக்கமாகிவிட்டது. குக்கர் விசில், படாரென்று சாத்தும் கதவு, பின்னாலிருந்து தோளைத் தொடும் கை, எதுவானாலும் முதுகு பலகையாகிவிடும். உயிர் போகிற வலி. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. "பயம்தான், வேற ஒண்ணுமில்ல. மனசை அமைதியா வச்சிக்கிடச் சொல்லுங்க" என்று ஒரு டாக்டர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்துச் சொன்னார். அது போதாதா மதினிக்கு?

"நடிக்கா தம்பி, நல்லா நடிக்கா. தூங்கையில மட்டும் கை கால் எல்லாம் தளர்ந்து கெடக்கு, நானே தொட்டுப் பாத்தேன். முழிச்சதும் வெறைக்கு. இது எந்த ஊரு சீக்கு?"

நான் தூங்கும்போது வந்து தொட்டுப் பார்த்திருக்கிறாள், சண்டாளி.

நடிப்பு என்பது ஒரு மாதத்தில் பைத்தியமாக வளர்ந்தது. பைத்தியத்துக்கு எங்கள் பக்கத்து வைத்தியம் ரொம்ப தூரத்தில் இல்லை. தலை நிறைய எண்ணெய் வைத்துக் குற்றாலம் பேரருவிக்குக் கீழே நிறுத்தினால் பித்து தெளியும் என்பார்கள். சாரல் தொடங்கியதும் எங்கிருந்தெல்லாமோ ஆட்களைக் கூட்டி வருவார்கள். மதினி முழுத் திட்டத்தோடு வந்தாள்.

"சீசன் முடியுற வரைக்கும் தினம் குளிப்பாட்டுவோம். தெளிஞ்சா சரி. இல்லேன்னா அவ அம்மை வீட்டுல கொண்டு விட்டுரு. புள்ளை இங்கன இருக்கட்டும். இவளை நம்பி ஒரு பொம்பளப் புள்ளையை விட முடியுமா?"

என் மகளுக்கு ஒன்பது வயது. என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொல்லுததும் சரிதான்" என்றார். அவரோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஒரு வார்த்தை எனக்காகச் சொல்ல வாய் வரவில்லை.

பிள்ளையைப் பிரிந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் அருவிக்குச் சம்மதித்தேன். படித்தவள் எப்படிச் சம்மதித்தாய் என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

முதல் நாளே முடிந்தது கதை. பெண்கள் பக்கம் இடி நெரிசல். என் தலையிலும் முதுகிலும் எண்ணெய் வழிந்தது, காலுக்குக் கீழே பாறை வழுக்கியது. "மதினி, கையைப் பிடிச்சிக்கிடுங்க" என்றேன். "பிடிச்சா எப்படித் தெளியும்? நேரா நில்லு" என்றாள். கூட்டத்தை ஒதுக்க நின்ற பெண் போலீஸ் என் காதுக்குப் பக்கத்தில் விசில் ஊதினாள். விறைத்துவிட்டேன். நான் முரண்டு பிடிப்பதாக நினைத்துக்கொண்டு மதினி என் பிடரியில் கை வைத்துத் தண்ணீருக்குள் தள்ளினாள். விழுகிற எவருக்கும் கை தானாக முன்னால் போகும். எனக்குப் போகவில்லை. வெட்டிய பனை மாதிரி முகம் அடிபட விழுந்தேன். முன்பல் இரண்டு போயின. தாடை கிழிந்தது. ரத்தத்தோடு கிடக்கும்போது அவள் குரல் கேட்டது: "பாருங்க, பித்து எறங்குது, எறங்குது!"

தாடைக்குத் தையல் போட்டவர் ஒரு சின்ன வயது டாக்டர். "ஏன் கையை ஊனலை?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என் முதுகை அழுத்திப் பார்த்தார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் தளர்கிறது, சத்தத்துக்கு விறைக்கிறது என்றதும் மதுரைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் நரம்பு டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். மூளையில் குளூட்டமேட் என்று ஒன்று இருக்கிறது, நரம்பை ஏவி விடுவது அது. காபா என்று ஒன்று, அடக்கி வைப்பது. ஏவுவதையே எடுத்து அடக்குவதாக மாற்றிக் கொடுப்பது ஒரு நொதி, குளூட்டமேட் டிகார்பாக்சிலேஸ். என் உடம்பு அந்த நொதியைப் பகையாளி என்று நினைத்து அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்துகொண்டிருக்கிறது. அடக்க ஆளில்லாத தசை முறுக்கிக்கொள்கிறது. அதே நொதி கணையத்திலும் இருப்பதால் இந்த நோயும் சர்க்கரையும் பல பேருக்குச் சேர்ந்தே வருமாம்.

நான் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நொதி என்றால் எச்சில், இரைப்பை என்று வருஷா வருஷம் கத்தியிருக்கிறேன். மூளைக்குள் ஒன்று இருந்துகொண்டு என் மானத்தைக் காப்பாற்றி வந்தது எனக்கே தெரியாது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எனக்குப் பைத்தியம் இல்லைன்னு இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க டாக்டர்" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை.

ஐந்து நாள் கையில் மருந்து ஏற்றினார்கள். மாத்திரைகள் தந்தார்கள். தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கி, யார் கையையும் பிடிக்காமல் வீட்டுக்கு நடந்து வந்தேன். மதினி முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அருவிக்குக் கூட்டிட்டுப் போனதாலதான ஏட்டி சீக்கே வெளிய தெரிஞ்சது? நீ எனக்குக் கோயில் கட்டணும்."

தாளை அவள் மடியில் போட்டேன். "படிச்சிட்டு வெளிய போங்க."

"அக்காட்ட இப்படியா பேசுதது?" என்றார் என் கணவர்.

"நீங்களும் கூடப் போகணும்னா போங்க. புள்ளை என்கிட்டதான் இருப்பா."

அவர் போகவில்லை. அதற்குப் பிறகு அம்மை வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நான் மதுரையில் கிடந்த நாட்களில் மதினி என் மகளிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள்: "நீ சத்தம் போட்டா உங்கம்மை விழுந்து செத்துப் போவா." இப்போது விசிலுக்குக்கூட எனக்குப் பாதிதான் விறைக்கிறது. ரோட்டைத் தனியாகக் கடக்கிறேன். ஆனால் என் மகள் அப்பளத்தைக் கடிப்பதில்லை. நாக்கில் வைத்து ஊறவைத்து விழுங்குகிறாள். தும்மல் வந்தால் கொல்லைக்கு ஓடுகிறாள். "அம்மைக்குச் சரியாயிட்டுட்டி, கத்து, ஆடு, எதையாவது போட்டு உடை" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான்.

நேற்று அடுக்களையில் நின்றேன். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில், "அம்மா, பசிக்கு. உள்ள வரட்டுமா?" என்று கேட்டாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

இதற்கும் அந்த நொதிதான் காரணம் என்று யாராவது என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.