உள்ளே விடுகிற துணி

நாற்பத்து நான்கு வயதில் தையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை காலையில் திண்டிவனத்தில் பஸ் ஏறுவேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் கொஞ்ச நேரம் காய்ந்துவிட்டு, பதினோரு மணிக்குள் விழுப்புரத்தில் அம்மாவின் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு சாயங்காலம்வரை திட்டு வாங்கிவிட்டுத் திரும்புவேன். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

அம்மா முப்பது வருஷத்துக்குமேல் ஜாக்கெட் தைத்தவள். போன வருஷம் வலது கையில் நடுக்கம் வந்தது. கத்தரிக்கோல் பிடித்தால் துணி கோணலாகப் போனது. வாடிக்கைக்காரர்களை ஒவ்வொருவராக வேறு கடைக்கு அனுப்பினாள். அப்புறம் ஒருநாள் போன் செய்து, நீ வந்து கத்துக்கோ என்றாள். அம்மா என்னை அப்படி எதற்கும் கூப்பிட்டதே இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

என் தங்கை பன்னிரண்டு வயதில் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது எனக்குப் பதினைந்து. அதற்குப் பிறகு அம்மா மிஷினோடுதான் இருந்தாள். நான் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோதும், வேலைக்குப் போனபோதும், கல்யாணம் ஆகிப் போனபோதும் அவள் முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த வயதில் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும் பைத்தியம்போல் சந்தோஷப்பட்டேன்.

முதல் மாதம் வெறும் பேப்பரில் நேர்க்கோடு தைத்தேன். பெடலை மிதித்தால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூல் அறுந்துபோகும். உங்க இஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு நீ இப்டித்தான் சொல்லித் தரியா என்று அம்மா கேட்பாள். எனக்கும் சுருக்கென்று கோபம் வரும். மூன்றாவது மாதம் என் பழைய புடவையில் ஒரு ஜாக்கெட் தைத்தேன். ஒரு கை மேலே ஏறிக்கொண்டது. ஐந்தாவது மாதம் பக்கத்து வீட்டம்மாவுக்குத் தைத்ததை அவர் கடைத்தெருவுக்கே போட்டுக்கொண்டு போனார். அன்றைக்கு அம்மா எனக்கு மல்லாட்டைக் கடலை வேகவைத்துக் கொடுத்தாள்.

ஆடி பிறந்ததும் அம்மா தங்கையின் துணிப் பெட்டியைத் திறந்தாள்.

எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவோம். வருஷம் ஒருமுறை அவளுக்குப் புதுத்துணி வைத்துப் படையல் போடுவோம். மற்ற வீடுகளில் கடையில் ஒரு சேலை வாங்கி வைத்துவிடுவார்கள். அம்மா மட்டும் ஒவ்வொரு ஆடிக்கும் தங்கைக்குப் பாவாடை சட்டை தைப்பாள். படையல் முடிந்ததும் அது பெட்டிக்குள் போகும். முந்தின வருஷத்துத் துணி யாராவது ஏழைப் பிள்ளைக்குப் போகும்.

இந்த வருஷம் நான் தைக்கவேண்டும் என்றாள். பச்சைத் துணியையும், அளவுக்குத் தங்கை உடுத்திய பழைய சட்டை ஒன்றையும் என் மடியில் வைத்தாள். அந்தச் சட்டையை நான் இருபத்தொன்பது வருஷமாகத் தொட்டதில்லை. கழுத்து இறுக்கினால் அவளுக்குப் பிடிக்காது, பார்த்து வெட்டு என்றாள். பிடிக்காது என்றாள்; பிடிக்காமல் இருந்தது என்று சொல்லவில்லை. தங்கை உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருக்கிற மாதிரி அம்மா பேசினாள். டேப்பை எடுத்தபோது, அளவு கொடுக்க யாரோ கையைத் தூக்கிக்கொண்டு எதிரில் நிற்கிற மாதிரியே இருந்தது.

படையலுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்து தைத்தேன். மதியத்துக்குள் முடிந்தது. கழுத்து அழகாக உட்கார்ந்தது. உள்ளே பிசிறே தெரியக்கூடாது என்று தையலை ஒட்டி மிச்சத் துணியையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்தேன். பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அம்மா தையல்காரி. எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். இதையும் திருப்பினாள். பக்கத் தையலில் விரலை வைத்து மேலிருந்து கீழாக நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள். நடுங்குகிற கை அங்கேயே நின்றுவிட்டது.

"துணி வுடலியா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அளவுச் சட்டையை எடுத்து உள்பக்கத்தைக் காட்டினாள். இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சு துணி மடிந்து கிடந்தது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்கு விடுகிற துணி. இத்தனை வருஷமும் தங்கைக்குத் தைத்த எல்லாச் சட்டையிலும் அதை விட்டிருக்கிறாளாம். எனக்குச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தெரியாது என்று இருந்திருப்பாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

"அவ செத்துட்டாம்மா. இனிமே எங்க வளரப் போறா?"

அம்மா அழவில்லை. சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதா? துணி வுடாம தெச்சா, இவ்ளோதான்டி நீன்னு நானே அவகிட்ட சொன்ன மாதிரி ஆயிடும். அத மட்டும் என்னால சொல்ல முடியல."

இதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆமா என்றாள், பொய் சொல்லத் தெரியாதவள். "எனக்கப்புறம் அவளுக்கு யாரு கீறாங்க, உன்ன வுட்டா?"

ஆறு மாதச் சனி ஞாயிறும் என்னுடையது என்று நினைத்திருந்தேன். செத்துப்போன குழந்தைமேல் பொறாமைப்பட்டேன். வெட்கமாகக்கூட இல்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அம்மா மெதுவாக எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னும் கொஞ்சம் பச்சைத் துணியைக் கொண்டுவந்தாள். நீ எப்படியும் ஒன்றைக் கெடுப்பாய் என்று முன்பே கூடுதலாக வாங்கி வைத்திருந்தாளாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும்.

துணியை விரித்துச் சாக்பீஸால் அளவுக் கோடு போட்டேன். உள்ளே எவ்வளவு விடவேண்டும் என்று கேட்டேன். அம்மா படையலுக்குப் பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "கூடப் பொறந்தவ நீ. உனக்குத் தெரியாதா?"

கடைசி வருஷம் அவள் எப்படி வளர்ந்தாள் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரே பாயில் படுப்போம். பள்ளி திறந்தபோது என் தோளுக்கு இருந்தாள். காய்ச்சல் வந்து படுத்தபோது என் காதுவரைக்கும் வந்திருந்தாள். இன்னும் ஆறு மாதத்தில் என்னைத் தாண்டியிருப்பாள்.

இரண்டு இஞ்சு விட்டேன். அம்மா விட்டதைவிட அரை இஞ்சு கூடுதல்.