எஸ்தரக்காவின் மொழிபெயர்ப்பு

நேற்று எங்கள் ஆபீஸில் ஆன்லைன் பயிற்சி. தலைப்பு, ‘பன்முகத்தன்மையும் பயனுள்ள தகவல் தொடர்பும்’. திரையில் பல நிறக் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. கைகளுக்கு முகங்கள் கிடையாது, அதனால் அவற்றுக்குள் சண்டை வரவும் வழியில்லை. நான் மைக்கை அணைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். கோங்குராக் கீரை வாசனை மூக்கில் ஏறியதும் பயிற்சி எங்கோ போய்விட்டது. மனசுக்குள், திருப்பதியைத் தாண்டி ஏர்பேடு பக்கத்தில் இருந்த என் பழைய ஃபேக்டரியின் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன்.

செல்போன் சார்ஜர் செய்கிற ஃபேக்டரி. என் முதல் வேலை அங்கேதான், தரம் பார்க்கிற பிரிவில். ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்தக் கேன்டீன் சாம்பாரைப் பற்றி மட்டும் எல்லா மொழிக்காரர்களுக்கும் ஒரே கருத்து இருந்தது.

மற்ற விஷயமெல்லாம் எஸ்தரக்கா வழியாகத்தான் போகும். சித்தூர்ப் பழைய மிஷன் சபைத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, ஹாஸ்டலில் பிடித்துக்கொண்ட இந்தி. நாள் முழுக்க லைனில் நின்று சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு நுழையாது. மேனேஜருக்குத் தெலுங்கில் மட்டும்தான் கோபப்படத் தெரியும். லைனில் பாதிப்பேர் ஒடிசாப் பையன்கள். அவர் கத்த ஆரம்பித்தால் யாராவது அக்காவைக் கூப்பிட ஓடுவார்கள்.

ஒருநாள், சார்ஜர் மூடி சரியாக உட்காரவில்லை என்று பிக்ரம் என்ற பையனை அவன் பரம்பரை வரைக்கும் இழுத்துத் திட்டினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு இந்தியில் சொன்னார்: மூடியை இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கணுமாம், முகம் வாடியிருக்கிறதே, சாப்பிட்டாயா என்று சார் கேட்கிறார், கத்தல் அவருக்குப் பிறவிக் குரல். பிக்ரம் பதிலுக்குக் கேன்டீன்காரரின் பரம்பரையைப் பற்றிக் கொஞ்சம் பேசினான். இனிமேல் கவனமாக இருப்பானாம் சார், என்று அக்கா தெலுங்கில் முடித்தார். இரண்டு பேருக்கும் திருப்தி. மூடியும் அதற்குப் பிறகு ஒழுங்காக உட்கார்ந்தது.

இது நியாயமா என்று நான் பெரிய மனுஷன் மாதிரி கேட்டேன்.

“அப்படியே சொல்லிக்கினு இருந்தா நாளைக்கு மெஷின்ல யாரு தம்பி நிப்பாங்க? நீயா?” என்றார்.

பிறகு தலைமை ஆபீஸுக்குத் தகவல் தொடர்பு என்று ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. புதுப் பதவி, கண்ணாடி அறை, நாற்காலி. அக்காவுக்கு அந்த வேலை வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலை. ஆசையை மறைக்கவும் இல்லை. இன்டர்வியூவுக்கு முன்னாலேயே நாற்காலிக்குத் திருப்பதியில் குஷன் வாங்கிவிட்டார். பூப்போட்ட குஷன். அதை லைனில் எல்லாருக்கும் காட்டினார்.

பன்முகத்தன்மைக்காக வெளிமாநில ஆளைத்தான் எடுப்பார்களாம். அக்காவின் ஆதாரில் சித்தூர்.

“வெளியில நான் தமிழ்க்காரி, ஆபீஸ்ல லோக்கலு. நான் எங்கதான் தம்பி உக்கார்றது?”

டெல்லியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், பாவம், தெலுங்கு தெரியாது. அதனால் மொழிபெயர்க்கிற ஆப் ஒன்றைக் கொண்டுவந்து மேனேஜர் கையில் கொடுத்தாள். அடுத்த வாரமே மேனேஜர் பிக்ரமைத் திட்டினார். போன் ஒரு வார்த்தை விடாமல், பரம்பரை உட்பட, இனிமையான பெண்குரலில் இந்தியில் சொன்னது.

பிக்ரம் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தான். அக்கா வீங்கின காலோடு கேட் வரைக்கும் ஓடினார், நானும் பின்னாலேயே. அவன் கத்தவில்லை. இத்தனை நாள் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று சார் கேட்டாரே, அது யார் கேட்டது என்று மட்டும் கேட்டான்.

அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு, நான்தான்டா என்றார். பிக்ரம் அவர் காலைத் தொட்டுவிட்டு ரேணிகுண்டா ஆட்டோவில் ஏறினான். எனக்கு அழுகை வந்தது; ஸ்டிக்கர் ஒட்டப் போய்விட்டேன். அந்த மாதக் கடைசியில் அக்காவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார். குஷனை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

பயிற்சியின் கடைசி வரி: சொன்னது சொன்னபடியே போய்ச் சேர வேண்டும். எல்லாரும் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள், நானும் ஒன்று அனுப்பினேன். எங்கள் ஆபீஸில் இப்போது எத்தனையோ ஊர்க்காரர்கள், எல்லார் போனிலும் அந்த ஆப் இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அப்படியே புரிந்துவிடுகிறது. சாப்பிட்டாயா என்று என்னை இங்கே யாரும் கேட்டதில்லை.