தூளியை விட்டுவிட்டு நந்தி மலைக்கு ஒரு நாள்

கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அமுதா என்று பெயர் வைத்தோம். எட்டு மாதம் வரை சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்பதாம் மாதம், 1961 பிப்ரவரியில், ஆம்பூரிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். வந்தவர்கள் நந்தி மலை பார்க்க வேண்டும் என்றார்கள். இந்தப் பயணத்துக்கு அதுதான் காரணம். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு நாள் வெளியே போய்வர நினைக்கும் தம்பதிகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் அவர் தங்கையின் வளைகாப்பில், வளையலோடு வரிசையில் நின்ற என் மனைவி பாக்கியத்தை ஓரமாக நிற்கச் சொன்னவர் அவர். பிள்ளை பெறாதவள் வளையல் போடக்கூடாதாம். அன்று சாப்பிடாமல் கிளம்பினோம். அதன் பிறகு ஆம்பூர் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

குளிரிலும் வெயிலிலும் குழந்தையை மலைக்குத் தூக்கிப் போக முடியாது. பாக்கியமோ பிரசவத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டி மார்க்கெட்டுக்குக்கூடப் போனதில்லை. "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வரேங்க" என்றாள். பக்கத்து வீட்டு ரோசம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இருபது வருஷம் ஆயாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மாதா கோயிலில் பூசை உண்டு என்பதால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். பதினோரு வருஷமாக எனக்குப் பதவி உயர்வு தராத என் மேலதிகாரி, இந்த ஒரு நாள் விடுப்புக்கும் மூன்று நாள் முனகினார். அது வேறு கதை.

அதற்கு முன் பத்து நாள் பாக்கியம் ஒத்திகை நடத்தினாள். ரோசம்மா கையால் கேழ்வரகுக் கஞ்சி, சங்கில் பசும்பால், மதியம் தூளி. குழந்தை எல்லாவற்றுக்கும் பழகியது. அண்ணி மட்டும் பழகவில்லை.

"பால்குடி மறக்காத புள்ளய அடுத்த வூட்ல வுட்டுட்டு யாராவது ஊர் சுத்தப் போவாங்களா? லேட்டாப் பெத்தவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது" என்றார், பாக்கியத்தின் காதில் விழும்படியே.

அண்ணன் பேசிவைத்த வாடகை வண்டி காலை ஆறரைக்கு அல்சூரில் எங்கள் தெருவுக்கு வந்தது. போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து நாற்பது ரூபாய். ஓட்டுநர் பாஷா, சிவாஜிநகர்க்காரர். ஹெப்பாள், எலஹங்கா வழியாகத் தேவனஹள்ளிக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இட்லி சூடாக இருந்தது, சட்னி காரம். தேவனஹள்ளியில் பம்ப்ளிமாஸ் பழம் வாங்காமல் வராதீர்கள். ஒன்று நாலணா சொல்வார்கள். பேசினால் மூன்றணாவுக்குக் கிடைக்கும்.

வண்டியில் அண்ணிக்குப் பொழுது போக நான்தான் கிடைத்தேன். "தம்பிக்குப் புள்ளையத் தூக்கத் தெரியுமாடி பாக்கியம்? புஸ்தகத்தத்தானே தூக்கத் தெரியும். அந்தக் கொழந்த இவர்கிட்ட எப்படித்தான் ஒட்டுமோ!"

அண்ணன் சிரித்தான். சிரிப்பதற்கென்றே பிறந்தவன். நான் ஜன்னல் வழியே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகள். "பின்னாடி உக்காந்தவங்க கீழே பாக்காதீங்கம்மா, தலை சுத்தும்" என்றார் பாஷா. உடனே அண்ணி பார்த்தார். தலை சுற்றியது. ஒன்பதரைக்கு உச்சிக்கு வந்தோம். வீட்டிலிருந்து முப்பத்தெட்டு மைல். பனி இன்னும் விலகவில்லை. சால்வை அவசியம்.

குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பழத்தை உரித்துக்கொண்டிருந்தபோது பாக்கியத்தின் கை நின்றது.

"என்னங்க... நேத்துக் கட்டியிருந்த சேலைய விடிகாலைல பக்கெட்ல ஊறப் போட்டுட்டேனே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அமுதாவுக்கு ஒரு பழக்கம். பாக்கியம் முந்தின நாள் கட்டிய சேலையில்தான் தூளி கட்ட வேண்டும். துவைத்த சேலை என்றால் முகத்தை அதில் தேய்த்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழும். அண்ணி வீட்டில் இருக்கிறாரே என்று இவள் வீட்டிலிருந்த சேலை, போர்வை அத்தனையும் துவைத்து அடுக்கியிருந்தாள். அவள் வாசனையோடு இருந்த ஒரே சேலையும் இப்போது சோப்புத் தண்ணீரில்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று எழுந்தார் அண்ணி. "வண்டியத் திருப்பச் சொல்லுங்க."

"நமக்கு என்னாம்மா, வண்டி ரெடி. இப்பவே போலாம்" என்றார் கூடவே வந்திருந்த பாஷாவும்.

பாக்கியம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அண்ணிதான் அவளைக் கைப்பிடித்துப் பாறை மறைவுக்கு அழைத்துப் போனார். தன் சால்வையை விரித்துத் திரைபோல் பிடித்து நின்றார். வெகுநேரம் நின்றார்.

திரும்பி வந்த பாக்கியத்தின் முகம் தெளிந்திருந்தது.

"ரோசம்மாக்கா எத்தனையோ புள்ளைங்கள வளத்தவங்க. நான் நம்பித்தான் விட்டுட்டு வந்தேன். பாதில ஓடினா அவங்கள நம்பலன்னு ஆயிடும். நாலு மணிக்கு வேணாம், ஒரு மணிக்குக் கிளம்பலாம்க்கா. கோயிலப் பாத்துட்டு, திப்பு டிராப்பையும் பாத்துட்டுத்தான் வருவேன்."

அண்ணி மறுபடி உட்கார்ந்து மிச்சப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார். பதினாலு வருஷத்தில் அவர் அடுத்தவர் பேச்சுக்கு இணங்கி நான் பார்த்ததில்லை.

திப்பு டிராப் என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் பனி விலகி, கீழே ஏரிகள் சில்லறைக் காசுபோல் மின்னின. கம்பியைப் பிடித்துக்கொண்டு பாக்கியம் நிமிர்ந்து நின்றாள். காற்று அவளைத் தள்ளியது. அவள் நகரவில்லை. வளைகாப்பில் ஓரமாக நிற்கவைக்கப்பட்ட பெண் இவள்தான் என்று அங்கிருந்த அத்தனை பேரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு.

சொன்னபடி ஒரு மணிக்குக் கிளம்பினோம். பாஷா எங்கும் நிறுத்தாமல் மூன்று மணிக்குத் தெருவில் கொண்டுவந்து விட்டார். வீட்டில் சத்தமே இல்லை.

"அழுது அழுது மயங்கிக் கெடக்குதோ என்னமோ" என்றார் அண்ணி.

ரோசம்மா வாசலுக்கு வந்து உதட்டில் விரலை வைத்தார். உள்ளே தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சேலை இல்லை. பழுப்பேறிய காவிக் கரை. என் எட்டு முழ வேட்டி.

"கஞ்சியெல்லாம் நல்லாக் குடிச்சா சார்" என்றார் ரோசம்மா, குரலைத் தாழ்த்தி. "தூங்க மட்டும் மாட்டேன்னா. பாக்கியத்தோட சேலை நாலு கட்டிப் பாத்தேன், திமிர்றா. என் சேலையையும் கட்டினேன், அதுக்கும் அழுவுறா. அப்பறம் ஆணில உங்க வேட்டி தொங்கிச்சு, மூணு நாளு துவைக்காதது. சும்மா கட்டிப் பாத்தேன். மூஞ்சியத் தேச்சா, விரலச் சப்பினா, தூங்கிட்டா. பன்னெண்டுக்குத் தூங்கினவ, இன்னும் எந்திரிக்கல."

நான் தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அமுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடப்பேன். அது பாக்கியத்தைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பன் மூக்கேதான்" என்றார். ஆறு வருஷத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். போதும்.

போக விரும்புகிறவர்களுக்கு: விடியற்காலையிலேயே கிளம்புங்கள். பாலூட்டும் தாய்க்கு மாற்று ரவிக்கை, ஒரு பெரிய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பத்து நாளாவது பழக்குங்கள். தாய் கட்டிய சேலை ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள். தகப்பன் வேட்டி ஒன்றையும்.

மறுநாள் ஊருக்குக் கிளம்புமுன் அண்ணி அந்த வேட்டியை வெளுக்கத் துவைத்து, நீலம் போட்டுக் கொடியில் உலர்த்தியிருந்தார். உதவி செய்ததாக நினைப்பு. அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு, வெயிலில், அல்சூர் ஏரியை வேர்க்க விறுவிறுக்க ஒரு முழுச் சுற்று நடந்துவிட்டு வந்தேன்.